ஒரு கீழ்க்கோர்ட் நீதிபதியும் அவருக்கு விழுந்த ஓட்டும்

கேள்வி இது: “அமெரிக்காவில் நீதிபதிகளுக்கும் தேர்தல் நடக்கிறதாமே? அதுவும் சாதாரண கீழ்க்கோர்ட் நீதிபதிக்கு. அவர் கட்சிக்காரர் மாதிரி ஓட்டுக் கேட்டு வருவாரா? தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் ஜனங்கள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியுமா?”

முடியும். நாங்களே அனுப்பியிருக்கிறோம். நான் குடியிருக்கும் கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) 2018 ஜூன் 5 அன்று, ஆரோன் பெர்ஸ்கி என்ற நீதிபதியைப் பாதிப் பதவிக்காலத்தில் ஓட்டுப் போட்டு இறக்கினோம். நானும் அந்தத் தேர்தலில் வாக்களித்தவள். எப்படி வாக்களித்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்த ஊர் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக அவ்வப்போது போய் நிற்கிறேன் என்பதால் எனக்கு இது செய்தித்தாளில் படித்த விஷயம் மட்டுமில்லை. வழக்கு விவரம் எதையும் நான் வெளியே சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் நீதிமன்றம் எப்படி நடக்கிறது என்பது யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கக்கூடியது.

முதலில் அமைப்பு. அமெரிக்காவின் ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிபதிகளை ஜனாதிபதி நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது, ஆயுள் முழுக்கப் பதவி. அங்கே ஓட்டுக்கு இடமில்லை. ஆனால் அடிதடி, திருட்டு, விவாகரத்து, வாடகைத் தகராறு, குடித்துவிட்டுக் கார் ஓட்டியது என்று சாதாரண மனிதர்கள் மாட்டும் வழக்குகளில் பெரும்பகுதி மாநில நீதிமன்றங்களுக்குத்தான் போகிறது. அந்த நீதிபதிகள் எப்படி வருகிறார்கள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எல்லா நீதிபதிகளையும் ஓட்டுப் போட்டே தேர்ந்தெடுப்பது என்று முதலில் முடிவு செய்த மாநிலம் மிசிசிப்பி, 1832-ல். 1846-ல் நியூயார்க்கும் அந்த வழிக்கு வந்தது, பிறகு வரிசையாகப் பல மாநிலங்கள். ஆளுநரும் சட்டமன்றத்தாரும் தங்களுக்கு வேண்டியவர்களையே நீதிபதி இருக்கையில் உட்காரவைக்கிறார்கள் என்ற கோபம்தான் அதற்குக் காரணம். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

டெக்சாஸில் இன்றும் நீதிபதி வேட்பாளர்கள் கட்சிப் பெயரோடுதான் நிற்கிறார்கள். அதனால் அங்கே என்ன நடக்கும் என்றால், 2018 நவம்பரில் ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் போட்டி நடந்த 59 நீதிபதி இடங்களையும் ஜனநாயகக் கட்சியே பிடித்தது. குடியரசுக் கட்சிக்காரர்களாக நின்ற நல்ல நீதிபதி, மோசமான நீதிபதி எல்லோரும் ஒரே இரவில் போனார்கள். வாக்காளர்களில் பலர் கட்சிக்கு ஒரே ஒரு குறி போட்டுவிட்டு வந்தவர்கள், கீழே நீளமாக இருந்த பெயர்களைப் பார்க்கக்கூட இல்லை.

கலிபோர்னியாவில் கட்சிப் பெயர் கிடையாது. இங்கே 58 கவுண்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட். பெயரைப் பார்த்து உயர் நீதிமன்றம் என்று நினைத்துவிட வேண்டாம், வழக்கு முதன்முதலில் வரும் விசாரணை நீதிமன்றமே அதுதான். நீதிபதிக்கு 6 ஆண்டுப் பதவிக்காலம். தமிழ்நாட்டில் டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதி இருபதுகளிலேயே உரிமையியல் நீதிபதியாகிவிடலாம். இங்கே குறைந்தது 10 ஆண்டு வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும், தேர்வு எதுவும் இல்லை.

சட்டப்படி இது தேர்தல் பதவி. நடைமுறையில் பெரும்பாலான நீதிபதிகள் தேர்தல் வழியாக வருவதில்லை. ஒரு நீதிபதி பதவிக்காலத்தின் நடுவில் ஓய்வு பெறுவார் அல்லது விலகுவார். காலி இடத்தை ஆளுநர் நிரப்புவார். விண்ணப்பித்த வழக்கறிஞரின் பெயரை ஆளுநர் அலுவலகம் வழக்கறிஞர் சங்கத்தின் மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்பும். அந்தக் குழு அவரோடு வழக்காடியவர்கள், எதிர்த்து வாதாடியவர்கள், அவர் யார் முன்னால் வாதாடினாரோ அந்த நீதிபதிகள் என்று பலரிடமும் ரகசியமாகக் கேட்டு, “மிகச் சிறந்த தகுதி” என்பதில் தொடங்கி “தகுதியில்லை” வரை ஒரு மதிப்பீடு தரும். பிறகு நியமனம்.

நியமனமானவர் அடுத்து வரும் தேர்தலில் மக்கள் முன் நிற்க வேண்டும் என்பது விதி. ஆனால் எதிர்த்து யாரும் மனுத்தாக்கல் செய்யவில்லை என்றால் அவர் பெயர் வாக்குச்சீட்டில் அச்சாவதே இல்லை, தானாகவே இன்னொரு 6 ஆண்டு. பதவியில் இருக்கும் நீதிபதியை எதிர்த்து நிற்க எந்த வழக்கறிஞருக்குத் துணிச்சல் வரும்? தோற்றுவிட்டால் நாளைக்கு அதே நீதிபதி முன்னால்தானே கட்டுக்கட்டாக வழக்கை எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டும். அதனால் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் நீதிபதியாக இருந்து, ஒரு முறைகூடத் தன் பெயரை வாக்குச்சீட்டில் பார்க்காமலே ஓய்வு பெறுகிறவர்கள் உண்டு.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று கேட்டால், நான் அதிகம் பார்ப்பது காலை நேரப் பட்டியலைத்தான். எட்டரை, ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும். கதவுக்கு வெளியே ஒட்டியிருக்கும் தாளில் பெயர்கள் நெருக்கி நெருக்கி அச்சிட்டிருக்கும். காவலில் இருப்பவர்கள் ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஜாமீனில் இருப்பவர்கள் பெஞ்சுகளில், பச்சைக் குழந்தையைத் தோளில் போட்ட மனைவி ஒருத்தி. நீதிபதி ஒரு பெயரைக் கூப்பிடுவார். அரசுத் தரப்பும் பப்ளிக் டிஃபெண்டரும் (வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களுக்கு அரசு கொடுக்கும் வழக்கறிஞர்) ஆளுக்கு இரண்டு வரி சொல்வார்கள். நீதிபதி தேதி கொடுப்பார், அல்லது ஜாமீன் தொகையை மாற்றுவார், அல்லது ஒப்புதலைப் பதிவு செய்வார். ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம், நான்கு நிமிடம். அடுத்த பெயர்.

“நோ கான்டெஸ்ட்” என்று ஒரு சொல் இங்கே உண்டு. குற்றம் செய்தேன் என்று வாயால் சொல்வதில்லை, குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்று மட்டும் சொல்வது. கிரிமினல் தண்டனையைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. “எதிர்த்து வாதாடப் போவதில்லை” என்று நான் காதோரம் தமிழில் சொன்னால், நிற்கிறவர் திரும்பி, “அப்ப விட்டுடுவாங்களாம்மா?” என்று கேட்பார். பதில் சொல்ல எனக்கு அனுமதியில்லை. அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் நீதிபதியிடம் சேர்ப்பது மட்டும்தான் என் வேலை. சில நீதிபதிகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, நிதானமாக இன்னொரு முறை விளக்குவார்கள். அவருக்கு விசா சிக்கல் வரும், நாட்டைவிட்டு அனுப்பக்கூட வாய்ப்பிருக்கிறது, வக்கீலிடம் பேசினீர்களா என்று கேட்பார்கள். சில நீதிபதிகள் தாளில் இருப்பதை ஒரே மூச்சில் வாசித்துவிட்டுப் போவார்கள். ஒரு கீழ்க்கோர்ட் நீதிபதி நல்லவரா என்பது எனக்குத் தெரிவது இந்த இடத்தில்தான். வாக்குச்சீட்டில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

போட்டி வரும் அபூர்வமான நேரத்தில் என்ன நடக்கிறது? வேட்பாளர் அந்தப் பதவியின் ஆண்டுச் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று கட்டணமாகக் கட்டுவார். வாக்காளர் கையேட்டில் ஒரு சின்ன அறிக்கை அச்சிட வேண்டும் என்றால் அதற்கும் காசு. வாக்குச்சீட்டில் பெயருக்குக் கீழே தொழிலைக் குறிக்க மூன்றே சொற்கள். நீதிபதித் தேர்தலில் மக்கள் உண்மையில் பார்ப்பது அந்த மூன்று சொற்களைத்தான் என்று தேர்தல் வேலை பார்க்கிற எல்லோரும் சொல்வார்கள். அரசுத் தரப்பு வழக்கறிஞர் என்று போட்டிருந்தால் ஓட்டு விழும். பப்ளிக் டிஃபெண்டர் என்றால் தயங்குவார்கள். எந்த வழக்கில் எப்படித் தீர்ப்பேன் என்று வாக்குறுதி கொடுக்க நீதித்துறை ஒழுக்க விதிகள் இடம் தருவதில்லை. ஆகவே கொடுக்க வாக்குறுதியும் இல்லை, காட்டக் கட்சியும் இல்லை.

ஃபுளோரிடாவில் ஒரு வேட்பாளர் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஹில்ஸ்பரோ கவுண்டியில் கீழ்க்கோர்ட் பதவிக்கு நின்ற லனெல் வில்லியம்ஸ்-யூலீ, தேர்தல் செலவுக்கு நன்கொடை கேட்டுத் தன் கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்பினார். வேட்பாளரே நேரடியாகப் பணம் கேட்கக் கூடாது என்பது அந்த மாநில விதி. 2015-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அந்த விதி செல்லும் என்றது. தேர்தல் வழியாக வந்தாலும் நீதிபதி அரசியல்வாதி ஆகிவிடமாட்டார் என்பது தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸின் வாதம். நாளைக்குத் தன் முன்னால் வழக்காட வரப்போகிற வக்கீல்களிடமே இன்றைக்குப் பணம் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2006-ல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது இன்னும் வருத்தமானது. லாட்வியாவில் பிறந்த ஜின்ட்ரா யானாவ்ஸ் அங்கே இருபது ஆண்டு நீதிபதி. கவுண்டி வழக்கறிஞர் சங்கம் அவருக்கு ஆக உயர்ந்த மதிப்பீடு கொடுத்திருந்தது. எதிர்த்து நின்றவர் லின் டயேன் ஓல்சன், பேகல் (வளைய வடிவ ரொட்டி) கடை நடத்தியவர். வழக்கறிஞர் உரிமம் இருந்தாலும் பல ஆண்டுகளாகச் சட்டத் தொழிலில் பெரிதாக இல்லாதவர், சங்கம் “தகுதியில்லை” என்று சொன்னவர். ஓல்சன் ஜெயித்தார். யானாவ்ஸ் என்ற பெயர் வாக்காளர்களுக்கு அந்நியமாகப் பட்டதுதான் காரணம் என்று அப்போது பரவலாகப் பேசினார்கள். சில நாட்களிலேயே ஆளுநர் ஷ்வார்ஸ்னேகர் யானாவ்ஸை வேறொரு காலி இடத்தில் மறுபடியும் நியமித்தார். வாயில் எளிதில் நுழையாத பெயரோடு இந்த நாட்டில் வாழும் எனக்கு அந்தச் செய்தி நீண்ட நாள் மனதில் கிடந்தது.

இப்போது பெர்ஸ்கி. ஸ்டான்ஃபோர்டில் பட்டம், பெர்க்லியில் சட்டம். சாண்டா கிளாரா கவுண்டியில் அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்தவர், பாலியல் குற்ற வழக்குகளையே நடத்தியவர். 2002-ல் நீதிபதி பதவிக்குத் தேர்தலில் நின்றார், தோற்றார். அடுத்த ஆண்டே ஆளுநர் கிரே டேவிஸ் அவரை நியமித்தார். நான் மேலே சொன்ன பாதை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் வேண்டாம்: மக்கள் வேண்டாம் என்ற ஆள், ஒரே வருடத்தில் நியமனத்தில் உள்ளே. அதே 2003 அக்டோபரில் கிரே டேவிஸையே கலிபோர்னிய மக்கள் பதவிக்காலத்தின் நடுவில் ரீகால் செய்து இறக்கினார்கள். அவர் நியமித்த நீதிபதிக்குப் பதினைந்து ஆண்டு கழித்து அதே முறை காத்திருந்தது.

அந்தப் பதினைந்து ஆண்டில் பெரும்பகுதி இந்த ஊரில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. எனக்கும் தெரியாது.

2015 ஜனவரி 18 அன்று, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், ஸ்டான்ஃபோர்டு வளாகத்தில் நினைவிழந்து கிடந்த ஒரு பெண்ணை அந்தப் பல்கலைக்கழக நீச்சல் வீரர் பிராக் டர்னர் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார். சைக்கிளில் வந்த இரண்டு ஸ்வீடன் மாணவர்கள் பார்த்து, துரத்திப் பிடித்தார்கள். 2016 மார்ச்சில் ஜூரி மூன்று குற்றங்களிலும் அவர் குற்றவாளி என்றது. 14 ஆண்டு வரை தண்டனைக்கு இடம் இருந்தது, அரசுத் தரப்பு 6 ஆண்டு கேட்டது. நன்னடத்தை அலுவலர் கொடுத்த அறிக்கை கவுண்டிச் சிறையில் குறைந்த காலமும் கண்காணிப்பும் போதும் என்றது. பாலோ ஆல்டோ நீதிமன்றத்தில் ஜூன் 2 அன்று பெர்ஸ்கி கொடுத்தது 6 மாதம், 3 ஆண்டுக் கண்காணிப்பு, ஆயுள் முழுக்கப் பாலியல் குற்றவாளிப் பதிவேட்டில் பெயர். பெரிய சிறைக்கு அனுப்பினால் அந்த இளைஞனுக்குக் கடுமையான பாதிப்பு உண்டாகும் என்று காரணம் சொன்னார். டர்னர் உள்ளே இருந்தது 3 மாதம்.

அந்தப் பெண் நீதிமன்றத்தில் வாசித்த அறிக்கை மறுநாள் இணையத்தில் வந்தது. நேரடியாக டர்னரைப் பார்த்துப் பேசும் அறிக்கை அது. லட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள், நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் மாறி மாறி வாசித்தார்கள். நான் சமையலறையில் நின்றபடியே போனில் முழுவதும் படித்து முடித்தேன், அடுப்பில் இருந்தது அடிப்பிடித்துப் போனது. 2019-ல் சானெல் மில்லர் என்று தன் பெயரை அவரே வெளியே சொன்னார்.

தேதிகளைக் கவனியுங்கள். தண்டனை ஜூன் 2. கலிபோர்னியாவின் முதற்கட்டத் தேர்தல் ஜூன் 7. பெர்ஸ்கியின் பதவிக்காலம் முடியும் ஆண்டு அது. மனுத்தாக்கலுக்கான கெடு மார்ச்சிலேயே முடிந்துவிட்டது, எதிர்த்து யாரும் நிற்கவில்லை. நாடே அவர் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்த வாரத்தில், வாக்குச்சீட்டில் பெயர்கூட இல்லாமல் இன்னொரு 6 ஆண்டுக்கு அவர் தேர்வானார். ஜனங்களுக்கு வந்த ஆத்திரத்தில் பாதி இதனால்தான் என்று நினைக்கிறேன். ஓட்டு என்று ஒன்று இருந்தும் அது கைக்கு எட்டவில்லை.

அதனால்தான் ரீகால். அதன் வரலாறு கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் பெண்களின் கதை. 1911 அக்டோபர் 10 அன்று கலிபோர்னியாவில் நடந்த ஒரே வாக்கெடுப்பில் பெண்களுக்கு ஓட்டுரிமையும் வந்தது, நீதிபதிகள் உட்படத் தேர்ந்தெடுத்தவர்களை நடுவிலேயே இறக்கும் உரிமையும் வந்தது. நீதிபதிகளை இப்படி இறக்கலாம் என்பது அப்போது பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. அதே ஆண்டு அரிசோனா தன் அரசியல் சட்டத்தில் இதைச் சேர்த்ததற்காகவே ஜனாதிபதி டாஃப்ட் அதை மாநிலமாக ஏற்க மறுத்தார். அரிசோனாக்காரர்கள் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு 1912-ல் மாநிலமானார்கள், ஆனதும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்! கலிபோர்னியாவில் ஓட்டுரிமை வந்த ஒன்றரை ஆண்டில், 1913 ஏப்ரலில், சான்பிரான்சிஸ்கோவின் பெண்கள் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து சார்லஸ் வெல்லர் என்ற போலீஸ் கோர்ட் நீதிபதியை இறக்கின. பாலியல் பலாத்காரக் குற்றச்சாட்டில் பிடிபட்டவனின் ஜாமீன் தொகையை அவர் குறைத்தார், அவன் ஓடிப்போய்விட்டான். 1932-ல் லாஸ் ஏஞ்சலிஸில் மூன்று நீதிபதிகள் போனார்கள். அதற்குப் பிறகு 86 ஆண்டு கலிபோர்னியாவில் எந்த நீதிபதியும் இப்படிப் போகவில்லை. வெளியே, 1977-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் ஆர்ச்சி சைமன்சன் என்ற நீதிபதி, ஒரு பலாத்கார வழக்கில் பெண்களின் உடையைப் பற்றிப் பேசியதற்காகப் பதவி இழந்தார்.

பெர்ஸ்கிக்கு எதிரான இயக்கத்தை நடத்தியவர் ஸ்டான்ஃபோர்டு சட்டப் பேராசிரியர் மிஷெல் டாபர். 58,634 செல்லுபடியாகும் கையெழுத்து வேண்டும், 2018 ஜனவரியில் 90,000-க்கும் மேல் கொடுத்தார்கள். இதற்கிடையில் 2016 டிசம்பரில் மாநிலத்தின் நீதிபதிகள் நடத்தைக் குழு விசாரித்து, பாரபட்சம் காட்டினார் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று முடித்தது. தண்டனை தவறு என்று சொன்ன மாவட்ட அரசு வழக்கறிஞர் ஜெஃப் ரோசனே, அதற்காக நீதிபதியை இறக்கக் கூடாது என்றார். பெர்ஸ்கி தானே கேட்டுக்கொண்டு கிரிமினல் வழக்குகளிலிருந்து சிவில் பக்கம் மாறிவிட்டார். டர்னரின் மேல்முறையீடு நிலுவையில் இருந்ததால் அந்த வழக்கைப் பற்றி வாய் திறக்க ஒழுக்க விதி அவரை விடவில்லை. ஓட்டுக் கேட்பாரா என்று கேட்டீர்களே, அவருக்கு ஓட்டுக் கேட்கவேண்டி வந்தபோது, எதைப் பற்றி ஊரே பேசியதோ அதைத் தவிர மற்றதைத்தான் பேச முடிந்தது.

வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தோம். இரண்டு கேள்விகள். ஆரோன் பெர்ஸ்கியை இறக்க வேண்டுமா, ஆம் அல்லது இல்லை. இறக்கினால் அந்த இடத்துக்கு யார், இரண்டு பெயர்கள், இருவரும் பெண்கள். என் மகளுக்கு அதுதான் முதல் ஓட்டு. அவள் ஒரு நொடிகூட யோசிக்காமல் “ஆம்” என்ற வட்டத்தைக் கறுப்பாக்கினாள். நான் “இல்லை” என்பதை நிரப்பினேன்.

“அம்மா, இவரையா காப்பாத்துற?” என்றாள்.

அவரைக் காப்பாற்ற இல்லை. அந்தத் தண்டனை தப்பு என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். சானெல் மில்லர் பட்ட பாட்டுக்கு அது எந்த விதத்திலும் ஈடாகவில்லை. ஆனால் நான் நிற்கும் காலைப் பட்டியலில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவர்கள் நீச்சல் வீரர்கள் இல்லை. கூலி வேலைக்காரர்கள், போதைப் பழக்கத்தில் சிக்கியவர்கள், இங்கிலீஷ் வராதவர்கள். அவர்களில் ஒருவரைப் பார்த்து “இவருக்குச் சிறை வேண்டாம், கண்காணிப்பு போதும்” என்று ஒரு நீதிபதி சொல்லும் நேரம் உண்டு. ஒரு இரக்கமான தீர்ப்பு செய்தியாகி அதனால் பதவி போகலாம் என்று தெரிந்தால் அந்த நீதிபதியின் கை எங்கே நடுங்கும்? கடுமையான தண்டனை கொடுத்ததற்காக இப்படி ஒரு நீதிபதியை இறக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இந்த ஊரின் பப்ளிக் டிஃபெண்டர்கள் பலர் ரீகாலை எதிர்த்தது இதற்காகத்தான். ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. பென்சில்வேனியாவில் ஆயிரக்கணக்கான தண்டனைகளை எடுத்து ஆராய்ந்தபோது, மறுதேர்தல் நெருங்க நெருங்க நீதிபதிகள் கொடுத்த தண்டனை நீண்டது தெரிந்தது. கலிபோர்னியாவிலேயே, பெர்ஸ்கிக்கு எதிரான இயக்கம் அறிவிக்கப்பட்ட பிறகு மற்ற நீதிபதிகளின் தண்டனைகளும் கடுமையானதாகப் பின்னால் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்தக் கூடுதல் நாட்களை அனுபவித்தவர்களுக்கும் டர்னருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

மகள் விடவில்லை. “இத்தனை வருஷம் பெண்களோட கேஸ்ல நீதிபதிங்க தப்பு பண்ணினா யாரும் கேட்டதே இல்லையே. ஒரு தடவை கேட்டா மட்டும் நீதித்துறை ஆடிப்போயிடுமா?” என்றாள். 1913-ல் சான்பிரான்சிஸ்கோப் பெண்கள் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். அதற்கு என்னிடம் முழுப் பதில் அன்றும் இல்லை. டர்னர் மாதிரி வசதியான வீட்டுப் பையன்களுக்குக் கிடைக்கும் இரக்கம் என் பட்டியலில் நிற்பவர்களுக்கு எத்தனை முறை கிடைக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அதை மறைத்துவிட்டு இதில் பேச முடியாது.

“ஆம்” என்ற பக்கம் 61 சதவீதத்துக்கும் மேல் வாங்கி ஜெயித்தது. அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்த சிண்டி ஹென்ட்ரிக்சன் அந்த இடத்துக்கு வந்தார். அதற்கு முன்பே, 2016 செப்டம்பரில், நினைவிழந்தவர்மீது நடக்கும் இத்தகைய குற்றத்துக்குச் சிறைத் தண்டனையைக் கட்டாயமாக்கிச் சட்டமும் வந்துவிட்டது. பெர்ஸ்கி 2019-ல் சான் ஹோசேயின் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளின் டென்னிஸ் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பெற்றோருக்குத் தெரியவந்ததும் எதிர்ப்பு கிளம்பி, சில வாரங்களில் அந்த வேலையும் போனது.

இதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்தலிலும் நீதிபதிகள் போய்க்கொண்டே இருப்பார்கள் என்று பயந்தவர்கள் உண்டு, நானும் பயந்தேன். அப்படி ஆகவில்லை. 2024 மார்ச்சில் சான்பிரான்சிஸ்கோவில் மைக்கேல் பெகர்ட், பேட்ரிக் தாம்ப்சன் என்ற இரண்டு நீதிபதிகளை, குற்றவாளிகளிடம் மென்மையாக இருக்கிறார்கள் என்று சொல்லி எதிர்த்து நின்றார்கள். ஊரில் குற்றம் பற்றிய கோபம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. இருந்தும் இருவரும் ஜெயித்தார்கள்.

இந்த ஊரில் ஓட்டுரிமை உள்ள தமிழர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். நீதிபதி இடத்துக்குப் போட்டி வரும்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள். மூன்று சொற்களைப் பார்த்தும் போடாதீர்கள். உள்ளூர் வழக்கறிஞர் சங்கம் மதிப்பீடு வெளியிட்டிருந்தால் படியுங்கள், வேட்பாளர் அரசுத் தரப்பு என்பதற்காகவே சேர்க்கவோ பப்ளிக் டிஃபெண்டர் என்பதற்காகவே ஒதுக்கவோ வேண்டாம். பதவியில் இருக்கும் நீதிபதி என்றால் ஒரு காலை நேரம் ஒதுக்கி அவருடைய கோர்ட்டுக்கே போய்விடுங்கள். கோர்ட் நடவடிக்கை பொதுமக்களுக்குத் திறந்தது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வாசலில் பையைச் சோதிப்பார்கள். செல்போனை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்து, மொழி தெரியாத ஒருவர் கேள்வி கேட்கும்போது நீதிபதி பேனாவைக் கீழே வைக்கிறாரா என்று பாருங்கள்.